லெட்டூஸ் தொட்டியை மேய்ந்தது நான்தான்

மரியாதைக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நானும் என் வீட்டுக்காரியும் சௌக்கியம். என்னுடைய சௌக்கியத்தை இப்போதெல்லாம் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது, ஆனாலும் மரியாதைக்குச் சௌக்கியம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். தாங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளையும் எங்கள் மகளும் நலமாகவே இருப்பீர்கள். மந்திரியின் நலம்தான் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அதைக் கூடையில் அடைத்து, ஊருக்கு வெளியே பூனைகளை வைத்துப் பார்த்துக்கொள்ளும் காப்பகத்துக்கு அனுப்பப் போவதாக மகள் போனில் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டாள். கல்யாணத்தன்றுகூட அழாத பெண். கண் திறக்காத குட்டியாக மழைநீர்க் குழாய்க்குள் கிடந்ததைத் துண்டில் சுற்றி எடுத்துவந்து, மருந்து விடும் சொட்டுக்குழாயால் பால் ஊட்டி, யாரைப் பார்த்தாலும் மனுவோடு வந்தவனைப் பார்ப்பது போலப் பார்க்கிறதே என்று மந்திரி எனப் பெயரும் வைத்தவள் அவள்தான். உங்கள் வீட்டுக்கு வரும்போது ஒரு கையில் பெட்டியும் மறு கையில் மந்திரியுமாகத்தான் வந்தாள்.

மந்திரி மேல் உள்ள குற்றச்சாட்டு எனக்குத் தெரியும். ஜன்னல் தோட்டப் போட்டிக்காகச் சம்பந்தியம்மா ஏழு வாரம் கண்ணுக்குள் வைத்து வளர்த்த லெட்டூஸ் தொட்டியை, போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அது அடிவரை கடித்துத் தின்றுவிட்டது என்பது. சம்பந்தி, மந்திரி ஒரு பாவமும் அறியாது. அந்தத் தொட்டியை மேய்ந்தது நான்தான்.

இதைப் போனில் சொல்லிவிடலாம் என்று மூன்று முறை கூப்பிட்டேன். மூன்று முறையும் சம்பந்தியம்மா எடுத்தார்கள். மூன்று முறையும் உங்கள் பக்கம் மழை உண்டா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். நான்காவது முறை கூப்பிட்டால் எனக்கு மழைப் பைத்தியம் என்று முடிவு கட்டிவிடுவார்கள் என்று பயந்துதான் கடிதம் எழுதுகிறேன். ஆதியோடந்தமாகச் சொல்லாவிட்டால் நீங்களும் என்னைப் பைத்தியம் என்றுதான் நினைப்பீர்கள். சொன்ன பிறகும் நினைக்கலாம், ஆனால் காரணம் தெரிந்து நினைப்பீர்கள்.

கல்யாணப் பத்திரிகையில் என் பெயருக்குக் கீழே 'தரக்கட்டுப்பாட்டு அதிகாரி' என்று போட்டிருந்தோம் அல்லவா, அந்தப் பதவியின் அர்த்தம் வெண்ணெய் ருசி பார்ப்பது. தொழிற்சாலையின் கோடியில் ஜில்லென்ற ஓர் அறை. வெளியே இயந்திரங்கள் எவ்வளவு இரைந்தாலும் அந்தத் தடித்த கதவைச் சாத்திவிட்டால் காதில் பஞ்சு வைத்த மாதிரி இருக்கும். மேஜை மேல் மஞ்சள் மஞ்சளாக வெண்ணெய்க் கட்டிகள் வரிசையில் உட்கார்ந்திருக்கும். நீளவாக்கில் குடைந்த எஃகுக் கோல் ஒன்றைக் கட்டிக்குள் செருகி, அரைச் சுற்றுச் சுற்றி, மெதுவாக இழுத்தால் விரல் நீளத்துக்கு வெண்ணெய் வரும். முதலில் மூக்குக்குக் கீழே கொண்டுபோவேன். அப்புறம் பட்டாணி அளவு எடுத்து நாக்கில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வேன். அது உருக உருக, பச்சைப் புல் தின்ற மாடா, வைக்கோல் தின்ற மாடா, வேலியைத் தாண்டிப் போய் யார் தோட்டத்து வெங்காயத் தாளையாவது தின்ற மாடா என்று எல்லாம் தெரிந்துவிடும். ருசி பார்த்ததும் ஓரத்தில் இருக்கும் தொட்டியில் துப்பிவிட்டு வெந்நீரால் வாய் கொப்பளிக்க வேண்டும் என்பது விதி, சுவரில் எழுதியே ஒட்டியிருக்கிறார்கள். இருபத்தாறு வருஷத்தில் நான் ஒரு தடவைகூடத் துப்பியதில்லை. ஒரு மாடு நாள் முழுக்க நடந்து, மேய்ந்து, அசைபோட்டுக் கொடுத்ததை அதன் முகத்தில் துப்புகிற மாதிரி எனக்குத் தோன்றும். அதனால் விழுங்கிவிடுவேன்.

இந்த மரியாதைதான் என்னைக் கவிழ்த்தது. மூன்று மாதத்துக்கு முன்னால் தொழிற்சாலையில் எல்லோருக்கும் ரத்தப் பரிசோதனை செய்தார்கள். எனக்குக் கொலஸ்ட்ரால் இருநூற்று அறுபத்தெட்டு. டாக்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார், "வெண்ணெய் சாப்பிடுவீங்களா?"

"சாப்பிட மாட்டேன் டாக்டர். ருசி பார்ப்பேன்."

"ஒரு நாளைக்கு எவ்வளவு ருசி?"

"நாற்பது, நாற்பத்தஞ்சு கட்டி வரும். ஒண்ணொண்ணுலயும் ஒரு பட்டாணி அளவு."

"துப்பிடுவீங்கல்ல?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பி, எதிர்க் கட்டடத்தில் ஒருவர் போர்வை உதறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டார். "அடப்பாவி மனுஷா" என்றார். அவர் படித்த படிப்புக்கு வேறு ஏதாவது வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்திருந்தேன். "மூணு மாசம் டைம் தரேன். சாப்பாட்டுலயே குறைக்கப் பாருங்க. குறையலைன்னா மாத்திரைதான்" என்று அடுத்த அறைக்கு அனுப்பினார். அங்கே உணவு ஆலோசகர் என்று ஒரு பெண், பலமாகக் காற்றடித்தால் யாராவது பிடித்துக்கொள்ள வேண்டிய உடல்வாகு. பொறுமையாக விளக்கினாள். "செடி கொடியில கொலஸ்ட்ராலே கிடையாது சார். ஓட்ஸ், பார்லி, பீன்ஸ், பருப்பு, ஆப்பிள் இதெல்லாம் சாப்பிட்டீங்கன்னா அதுல இருக்கிற நார்ச்சத்து வயித்துக்குள்ளயே பிடிச்சு வெளிய தள்ளிடும். பாதாம், வால்நட் ஒரு கைப்பிடி. வெண்ணெய், க்ரீம், சீஸ், கொழுப்புக் கறி கிட்டயே போகாதீங்க. இலைதழை எவ்வளவு வேணா சாப்பிடலாம், கணக்கே இல்ல." அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள் சம்பந்தி.

அன்றைக்கே என் வீட்டுக்காரி பிரிட்ஜைத் துடைத்துக் காலி செய்துவிட்டாள். காலையில் ஓட்ஸ் கஞ்சி, மத்தியானம் பீன்ஸ், சாயங்காலம் எண்ணி எட்டுப் பாதாம், காபிக்குச் சோயா பால். முதல் வாரம் அந்தக் கஞ்சியைக் குடிக்கும்போதெல்லாம் யாரோ உள்ளேயிருந்து என்னைத் தபால் உறை மாதிரி ஒட்டுவது போல இருந்தது. தொழிற்சாலையில் துப்ப ஆரம்பித்தேன். முதல் நாள் சத்தம் கேட்டு மேனேஜர் ஓடிவந்தார், ஏதோ குழாய் உடைந்துவிட்டதென்று. ஆனால் மூன்றாவது வாரத்தில் ஒன்று நடந்தது சம்பந்தி, அதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. ஒரு நாள் சும்மா வேகவைத்த பீன்ஸை வாயில் போட்டேன், அதில் மழை தெரிந்தது. ஆப்பிளைக் கடித்தால் அது மரத்தில் வெயில் பட்ட பக்கமா நிழல் பக்கமா என்று தெரிந்தது. இத்தனை வருஷமாக மாட்டுக்குள் போய்த் திரும்பி வந்த புல்லையே ருசி பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு, இப்போது புல் நேராக வந்து கையைக் கொடுத்தது. மனசு லேசாகிவிட்டது. மனசோடு சேர்ந்து தலையும் லேசாகி, மத்தியானமானால் உட்கார்ந்த இடத்தில் கண் சொக்க ஆரம்பித்தது, கண் சொக்கினால் உடனே கனவு.

எல்லாம் ஒரே புல்வெளிக் கனவுதான். முடிவே இல்லாத வெளி, நடக்க நடக்கக் காலில் ஈரம், தூரத்தில் எங்கேயோ ஒரு மணிச் சத்தம். எனக்கு நான்கு கால் இருக்கும், அது கொஞ்சமும் ஆச்சரியமாக இருக்காது, முன்னாடி இரண்டு காலை வைத்துக்கொண்டு எப்படிக் காலம் தள்ளினோம் என்றுதான் தோன்றும். ஒரு தடவை தொழிற்சாலை பெஞ்சிலேயே தூங்கிப்போனேன். கனவில் எங்கள் ஜில்லென்ற அறை, வெள்ளைக் கோட்டுப் போட்ட மாடு ஒன்று மேஜைக்குப் பின்னால் நின்றது, மேஜை மேல் நான் உட்கார்ந்திருந்தேன். அது எஃகுக் கோலை என் தொப்பையில் செருகி, அரைச் சுற்றுச் சுற்றி, இழுத்து, மூக்கிலும் நாக்கிலும் வைத்துப் பார்த்துவிட்டு, "பழைய சரக்கு. இரண்டாம் தரம்" என்று எழுதிக்கொண்டு, என்னைத் துப்பாமல் நகர்ந்து போனது. விழித்ததும் அவமானமாக இருந்தது. ஆனாலும் நியாயமான மாடு என்றுதான் சொல்ல வேண்டும். இன்னொரு நாள் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தபடியே கண் அயர்ந்துவிட்டேன். தெரு முழுக்கப் பச்சையாக அலையடித்தது, கடைகள், விளக்குக் கம்பங்கள், சாக்கடை மூடி எல்லாம் புல்லில் பாதி மூழ்கி நின்றன. நான் குனிந்து ஒரு கற்றையைக் கவ்வினேன். "ஹலோ சார்! ஹலோ!" என்று யாரோ உலுக்கினார்கள். கண்ணைத் திறந்தால் பக்கத்தில் இருந்தவர் படித்துக்கொண்டிருந்த பேப்பரின் மூலை என் வாயில் இருந்தது. "பசிச்சா கேளுங்க, பிஸ்கட் இருக்கு" என்றார் அந்த மனிதர், தங்கமானவர். ஆக, தூக்கத்தில் நான் நிஜமாகவே மேய்கிறேன் என்பது அன்றைக்கே எனக்குத் தெரிந்துபோனது. தெரிந்தும் உங்கள் வீட்டு விருந்துக்கு வந்தேனே, அதுதான் என் தப்பு.

அன்றைய மேஜை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. வெண்ணெயில் புரட்டிய உருளைக்கிழங்கு, சீஸ் உருகி வழிந்த அடுக்கு, வறுத்த கறி, கடைசியில் க்ரீம் கேக். சம்பந்தியம்மா கைமணத்தைப் பற்றி நான் சொல்லியா தெரிய வேண்டும். "என்ன சம்பந்தி, எங்க வீட்டுச் சாப்பாடு பிடிக்கலையா? தட்டுல வச்சது வச்ச மாதிரியே இருக்கு" என்று இரண்டு முறை கேட்டார்கள். வயிறு சரியில்லை என்று புளுகினேன். கொலஸ்ட்ரால் என்று சொல்ல வாய் வரவில்லை. பெண்ணைக் கொடுத்த இடத்தில் நம் உடம்பைப் பற்றிக் குறை சொன்னால், நாளைக்கு மகளை யாராவது ஒரு வார்த்தை சொல்லிவிடுவார்களோ என்று என்னவோ ஒரு பயம். நீங்கள்கூட அன்று சரியாகச் சாப்பிடவில்லை, கறியைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளித் தள்ளி முள்கரண்டியால் மறைத்துக்கொண்டிருந்தீர்கள். விருந்தாளி சாப்பிடாதபோது தானும் சாப்பிடக்கூடாது என்கிற உங்கள் பெருந்தன்மைக்கு மனசுக்குள்ளேயே ஒரு கும்பிடு போட்டேன்.

சாப்பிட்ட பிறகு பெண்கள் சமையலறைக்கும், மாப்பிள்ளை மொட்டைமாடியில் தண்ணீர்க் குழாயைப் பார்க்கவும் போய்விட்டார்கள். நான் அந்தச் சின்ன அறையில், ஜன்னலோர நாற்காலியில் சாய்ந்தேன். திரை மெல்ல ஊதிக்கொண்டும் சுருங்கிக்கொண்டும் இருந்தது. லெட்டூஸ் தொட்டி என் முழங்கை உயரத்தில் வெயிலில் இருந்தது, இலை ஒவ்வொன்றும் வெளிச்சத்தைக் குடித்து உள்ளுக்குள்ளிருந்து பச்சையாக எரிந்தது. அவ்வளவுதான் ஞாபகம். அடுத்தது புல்வெளி. இந்தத் தடவை அது என்றைக்கும் இல்லாத இளம்பச்சை. கடிக்கும் சத்தம் அவ்வளவு துல்லியமாகக் கேட்டது, நறுக் நறுக் என்று, காதுக்குப் பக்கத்திலேயே. பக்கத்தில் இன்னொரு மாடும் இருந்தது. வயசான மாடு, மூக்குக்கண்ணாடி போட்டிருந்தது. அடிக்கடி பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டு அவசர அவசரமாக மேய்ந்தது. பாவம், அதற்கும் ஏதோ கஷ்டம் போல என்று கொஞ்சம் தள்ளி நின்று இடம் கொடுத்தேன். வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியாக நான் இருந்ததே இல்லை. யாருக்கும் நான் எந்தக் கொலஸ்ட்ரால் கணக்கையும் குறைத்துக் காட்ட வேண்டியதில்லை, மெல்வது ஒன்றுதான் வேலை.

விழித்தபோது என் மீசையில் ஓர் இலை ஒட்டிக்கொண்டிருந்தது. தொட்டியில் அடித்தண்டுகள் மட்டும் மொட்டையாக நின்றன. மீசையைத் துடைத்தேன், சட்டையை உதறினேன், "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று சொல்லிக்கொண்டு, கையில் எலுமிச்சை ஜூஸோடு வந்த சம்பந்தியம்மாவைத் தாண்டி, செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடிவந்துவிட்டேன். என் வீட்டுக்காரி பாதி வழியில்தான் என்னைப் பிடித்தாள். அவளிடமும் சொல்லவில்லை. எனக்குப் பின்னால் அந்த அறைக்குள் மந்திரி போய்ப் படுத்திருக்கிறது, சம்பந்தியம்மா பார்த்திருக்கிறார்கள், தீர்ப்பும் வந்துவிட்டது. மகள் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லையாம். ஏழு வார உழைப்பு, கோபம் நியாயமானது, ஆனால் ஆள்தான் தப்பு. மூன்று நாளாக எனக்கு ஓட்ஸ்கூட இறங்கவில்லை. என் கௌரவத்துக்காக மகள் வளர்த்த ஜீவன் கூடையில் போகிறது என்றால் நான் என்ன அப்பன்? எனவே தயவு செய்து இந்தக் கடிதத்தைச் சம்பந்தியம்மாவிடம் காட்டி, ஞாயிற்றுக்கிழமைக்குள் மந்திரியை விடுவித்து உதவுங்கள். அவர்கள் என்ன திட்டினாலும் வந்து நின்று கேட்டுக்கொள்கிறேன். என் வீட்டு ஜன்னலில் நேற்றே விதை போட்டுவிட்டேன், முளைத்ததும் தொட்டியோடு கொண்டுவந்து வைக்கிறேன். இனிமேல் உங்கள் வீட்டில் நான் தூங்குவதாக இருந்தால் செடி இல்லாத அறையில் தூங்குகிறேன்.

மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் எங்கள் மனமார்ந்த ஆசிகள். சம்பந்தியம்மாவுக்கு வணக்கத்தோடு மன்னிப்பும். மந்திரிக்கு என் சார்பில் ஒரு தடவல்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள சம்பந்தி

பி.கு.: மேலே உள்ளதை எழுதி முடித்துக் கையெழுத்துப் போட்ட மை காய்வதற்குள் நீங்களே போன் செய்துவிட்டீர்கள். உங்கள் மூக்குக்கண்ணாடிக் கடையிலிருந்து, லென்ஸ் தேய்க்கிற இயந்திரத்தை ஓடவிட்டு அந்தச் சத்தத்துக்குள் ஒளிந்துகொண்டு பேசினீர்கள். "சம்பந்தி, பூனை தின்னல, நான்தான் தின்னேன்" என்றீர்கள். "எனக்குக் கொலஸ்ட்ரால் முன்னூத்தி நாலு. எட்டு மாசமாச்சு. தாளைக் கடையில லென்ஸ் பெட்டிக்கு அடியில வச்சிருக்கேன். அவகிட்ட சொல்லல. அவ அண்ணன் நெஞ்சு வலியில போனதுலேருந்து அந்தப் பேச்சை எடுத்தாலே அவளுக்குக் கை நடுங்க ஆரம்பிச்சிடும். வீட்டுல கீரை செய்னு கேட்டா ஏன்னு கேப்பா. அன்னிக்கு நீங்க அசந்து தூங்கினீங்க, தொட்டி கண்ணுக்கு முன்னாடி இருந்துது, ஒரு இலைன்னு ஆரம்பிச்சேன். அவ காலடிச் சத்தம் கேட்டுது. கையில இருந்த கடைசி இலையை எங்க போடறதுன்னு தெரியாம உங்க மீசை மேல வச்சுட்டேன். மன்னிச்சிடுங்க சம்பந்தி" என்றீர்கள். நான் வாயைத் திறப்பதற்குள் உங்கள் பக்கத்திலிருந்து, "சாப்பாடு கொண்டாந்திருக்கேன், யார்கிட்ட பேசறீங்க?" என்று சம்பந்தியம்மா குரல். "உங்க கண்ணாடி செவ்வாய்க்கிழமை ரெடியாயிடும் சார்" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். எனவே என் பதிலை இங்கே எழுதுகிறேன்.

முதலில் மீசை விஷயத்தில் எனக்குக் கோபம் வந்தது. அடுத்து நிம்மதி வந்தது. மூன்றாவதாக, சிரிக்காதீர்கள், கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது. அந்தப் புல்வெளியில் ஒரு வாயாவது நிஜமாக மேய்ந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பழி என் மேலேயே இருக்கட்டும், இந்தப் பி.கு.வை மட்டும் கிழித்துவிட்டு மீதியைச் சம்பந்தியம்மாவிடம் காட்டுங்கள் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அதற்குள் என் வீட்டுக்காரி தோளுக்கு மேலே எட்டி எல்லாவற்றையும் படித்துவிட்டாள். "கடைசித் தாளோட பின்பக்கத்துலதானே எழுதியிருக்கீங்க? இதைக் கிழிச்சா முன்னாடி இருக்கிற பூனையோட விடுதலையும் சேர்ந்து கிழிஞ்சிடுமே" என்றாள். பார்த்தேன், உண்மைதான். "வேற தாள்ல எழுதிடறேன்" என்றேன். "எழுத வேண்டாம்" என்றாள். வீட்டில் தாள் கட்டுக்கட்டாக இருக்கிறது சம்பந்தி, ஆனாலும் நான் எழுதப் போவதில்லை.

ஆகவே இதை நீங்களே சம்பந்தியம்மாவுக்குப் படித்துக் காட்ட வேண்டியதுதான், ஞாயிறு பத்து மணிக்கு முன்னால். முதலில் அவர்களை உட்கார வையுங்கள். அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு படியுங்கள். என்னுடையது நேற்றைய தாளில் இருநூற்று இருபத்தாறுக்கு வந்துவிட்டது என்று சொல்லுங்கள், குறைகிறது, பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். உங்களுக்கு டாக்டர் மாத்திரையும் கொடுத்தால் அதையும் மறைக்காமல் போட்டுக்கொள்ளுங்கள். என் தாளை முதன்முதலில் இவளிடம் காட்டிய அன்று இவள் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். உள்ளே போய் அழுகிறாள் என்று நான் வெளியே அரைமணி நேரம் நின்றேன். கடைசியில் எட்டிப் பார்த்தால், அழுதுகொண்டேதான் இருந்தாள், ஆனால் கை பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் இன்னொரு கத்தியை நீட்டினாள். சம்பந்தியம்மாவும் எழுந்து உள்ளே போவார்கள். வெளியே நிற்காதீர்கள், கூடவே போங்கள்.